யாரோ இட்ட கட்டளை: விரிதாள் அச்சுக் குழப்பங்களின் வரலாறு

கணினிக்கு முந்தைய கணக்குத் தொழிலில் தாளின் அகலமே கணக்கின் அகலத்தைத் தீர்மானித்தது. அமெரிக்கக் கணக்கர்களின் வெளிர்பச்சைப் பத்தித் தாள்களாக இருந்தாலும், இந்திய வணிக நிலையங்களின் தடித்த பேரேடுகளாக இருந்தாலும், தாளில் எத்தனை பத்திகள் கோடிடப்பட்டிருந்தனவோ அத்தனைக்குள் வரவும் செலவும் அடங்க வேண்டியிருந்தது. அடங்காதபோது எதிரெதிர்ப் பக்கங்களை விரித்து ஒரே பரப்பாக எழுதினர், அல்லது இன்னொரு தாளை ஓரத்தில் ஒட்டிக்கொண்டனர். எழுதிய தாளும் படிக்கும் தாளும் ஒன்றாகவே இருந்ததால், எழுதியது ஒன்று கைக்கு வந்தது வேறொன்று என்ற புகார் அங்கு எழ வழியில்லை. 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்த விசிகால்க் என்ற மென்பொருள் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. கணக்கின் பரப்பு முதலில் வந்தது. தாள் பற்றிய கவலை கடைசியில், வேலை முடிந்த பிறகு வந்தது. விரிதாள் என்று இன்று அழைக்கப்படும் மென்பொருள் வகை முழுவதும் இந்த வரிசை மாற்றத்தின் மீதே நிற்கிறது. அச்சில் நேரும் குழப்பங்களும் இங்கேதான் தொடங்குகின்றன.

அக்குழப்பங்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. அச்சுப் பிழை என்று பெயர் பெறுவது பெரும்பாலும் கணினியின் பணிவே: எப்போதோ, யாரோ இட்ட ஒரு கட்டளையை அது மறவாமல் நிறைவேற்றுகிறது, இட்டவருக்கோ அது நினைவில் இல்லை. அந்தக் கட்டளை எங்கே தங்கியிருக்கிறது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. முதலில் அது எங்கும் தங்கவில்லை. பின்னர் பிரிண்டரிலும், அதன்பின் கோப்பிலும், இறுதியில் கோப்புக்குள் பயனரின் கண்ணுக்குப் படாத மூலைகளிலும் குடியேறியது.

தனியாள் கணினிக்கு முந்தைய பெருங்கணினிகளில் பக்கம் என்பது நிரலாளரின் முழுப் பொறுப்பாக இருந்தது. ஐபிஎம் நிறுவனம் 1959இல் வெளியிட்ட 1403 என்ற வரி அச்சுப்பொறியின் பரவலான மாதிரிகள் ஒரு வரியில் 132 எழுத்துகளை, அங்குலத்துக்குப் பத்து எழுத்து என்ற கணக்கில் அச்சிட்டன. உயரவாட்டில் அங்குலத்துக்கு ஆறு வரிகள் விழுந்ததால், 11 அங்குல நீளமுள்ள தாளில் 66 வரிகள் இடம்பெற்றன. இருபுறமும் துளைகள் இட்டு, மடித்து அடுக்கப்பட்ட தொடர்தாளில் ஒரு பக்கம் எங்கே தொடங்குகிறது என்பதை, துளையிடப்பட்ட ஒரு சிறு காகித நாடா வளையம் இயந்திரத்துக்கு உணர்த்தியது. அதன் முதல் தடத்தில் இருந்த துளை பக்கத்தின் தலைப்பகுதியைக் குறித்தது. எந்த எழுத்து எந்த இடத்தில் விழ வேண்டும் என்று கட்டம் போட்ட வரைதாளில் நிரலாளர் முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டுத்தான் நிரலை எழுதினார். அப்போதும் அச்சு தவறியது. ஆனால் தவறு யாருடையது என்பதில் ஐயம் இருக்கவில்லை. 132, 66 ஆகிய இரு எண்களும் அந்த இயந்திரக் கூடங்களிலிருந்து புறப்பட்டு, அவற்றின் காரணம் மறந்த பின்னும் பல ஆண்டுகள் விரிதாள்களுக்குள் உயிரோடு இருந்தன.

டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் 63 நெடுவரிசைகளும் 254 கிடைவரிசைகளும் கொண்டது. அதைக் காட்டிய திரையோ ஒரு வரிக்கு நாற்பது எழுத்துகளுக்கு மேல் கொள்ளாது. எனவே பயனர் தன் கணக்கின் ஒரு சிறு பகுதியை மட்டுமே எந்த நேரத்திலும் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சிடும் முறை மிக எளிமையானது. சுட்டி நிற்கும் செல், அதாவது வரிசைகள் குறுக்கிடும் கட்டம், மேல் இடது மூலையாகக் கொள்ளப்படும். கீழ் வலது மூலையை மட்டும் பயனர் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் பிரிண்டருக்கு அனுப்ப வேண்டிய முன்னொட்டுக் குறியீடு ஒன்றையும் தரலாம். பக்கத்தின் நீளம் என்ன, அகலம் என்ன, ஓரத்தில் எவ்வளவு விட வேண்டும் என்று மென்பொருள் கேட்கவே இல்லை. அகலமான கணக்கைப் பயனரே பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியே கட்டளை தந்து, பின்னர் பசையால் ஒட்டிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது சலிப்பூட்டியிருக்கலாம். ஆனால் சுட்டி தவறான செல்லில் நின்றதால் மேல்வரிசை விடுபட்டது போன்ற பிழைகளுக்கு உடனடிக் காரணம் கண்முன்னே இருந்தது. நினைவே இல்லாத ஒரு முறையில் பழைய கட்டளை புதிய அச்சைக் கெடுப்பதற்கு இடமில்லை.

அந்த நிலையை மாற்றியது லோட்டஸ் 1-2-3. மிட்ச் கேப்பரின் நிறுவனத்துக்காக ஜோனதன் சாக்ஸ் எழுதிய இந்த மென்பொருள் 1983 ஜனவரியில் ஐபிஎம் தனியாள் கணினிக்காக வெளிவந்து, ஓரிரு ஆண்டுகளில் அலுவலகக் கணக்கின் பொதுமொழியாகிவிட்டது. அதன் அச்சுப் பட்டியலில் பரப்பு, ஓரங்கள், தலைக்குறிப்பு, அடிக்குறிப்பு, எல்லைப் பத்திகள், பக்க நீளம் எனப் பல தேர்வுகள் இருந்தன. தேர்ந்தவை அனைத்தும் கணக்கோடு சேர்ந்து கோப்பில் சேமிக்கப்பட்டன. பயனர் எதுவும் சொல்லாவிட்டால் இடது ஓரம் 4, வலது ஓரம் 76, மேலும் கீழும் இரண்டிரண்டு வரிகள், பக்க நீளம் 66 வரிகள் என்று மென்பொருளே எடுத்துக்கொண்டது. தலைக்குறிப்புக்கும் அடிக்குறிப்புக்கும் மும்மூன்று வரிகளை, அவை இல்லாதபோதும், அது ஒதுக்கி வைத்ததால் 66 வரிப் பக்கத்தில் கணக்குக்குக் கிடைத்தவை 56 வரிகளே. ஒரு பக்கத்தில் அடங்க வேண்டிய அறுபது வரிக் கணக்கு ஏன் நான்கு வரிகளுடன் அடுத்த தாளுக்குத் தாவுகிறது என்று திகைத்தவர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கே விடை.

இதனினும் ஆழமான சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. தொடர்தாளில் அடுத்த பக்கத்துக்குச் செல்ல லோட்டஸ் வெற்று வரிகளைத் தள்ளிக்கொண்டே போயிற்று. இப்போது தாளின் எந்த வரியில் இருக்கிறோம் என்பதைத் தன் மனக்கணக்கில் வைத்துக்கொண்டது. பிரிண்டருக்கும் தனி எண்ணிக்கை உண்டு: மின்விசை போடப்பட்ட கணத்தில் அச்சுத் தலைக்கு நேரே இருந்த இடத்தை அது பக்கத்தின் தலைப்பகுதியாகக் கொண்டது. மூன்றாவதாக, தாளை மேலும் கீழும் நகர்த்தும் உருளைத் திருகு பயனரின் கையில் இருந்தது. கை திருகியதை முதலிருவரும் அறியார். மூவரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகும்வரை அச்சு அழகாக விழுந்தது; ஒருவர் விலகினாலும் கிழிகோட்டின் மீதே, அதாவது தாள்களைப் பிரிக்கும் துளைவரிசையின் மீதே, மொத்தத் தொகை அச்சாயிற்று. இதற்காகவே லோட்டஸ் பட்டியலில் 'சீராக்கு' என்று பொருள்படும் ஒரு தனிக் கட்டளை வைக்கப்பட்டிருந்தது. அது தாளை அசைப்பதில்லை. இப்போது தாள் தலைப்பகுதியில் நிற்கிறது என்று நம்பி எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கு என்று மென்பொருளுக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. தாளைக் கையால் சரிசெய்த பின் இந்தக் கட்டளையைத் தர மறந்ததே அக்காலத்து அச்சுக் குழப்பங்களில் முதன்மையானது.

கடைசிப் பக்கத்தில் மட்டும் அடிக்குறிப்பு வராமல் போனதும் இதே வகையைச் சேர்ந்தது. கணக்கின் வரிகள் தீர்ந்ததும் மென்பொருள் அங்கேயே நின்றுவிடும்; அதே பக்கத்தில் இன்னொரு பரப்பை அச்சிடப் பயனர் விரும்பலாம் என்பது அதன் எண்ணம். பக்கம் முடிந்தது என்று தனியே ஒரு கட்டளை தந்தால்தான் எஞ்சிய வெற்று வரிகளும் அடிக்குறிப்பும் விழும். எல்லாப் பக்கங்களிலும் திரும்ப வர வேண்டிய பெயர்ப் பத்தியை எல்லைப் பத்தியாகக் குறித்துவிட்டு, அச்சுப் பரப்பிலும் அதே பத்தியைச் சேர்த்தவர்களுக்கு அது இரண்டு முறை அச்சானது. கேட்டதைக் கேட்டபடியே செய்யும் பணியாளரின் விசுவாசத்தால் வந்த பிழைகள் இவை.

கட்டளை பிரிண்டருக்குள் தங்கிய கதை தனியே சொல்லத்தக்கது. எப்சன் நிறுவனம் 1980இல் வெளியிட்ட எம்எக்ஸ்-80, ஊசிகள் மை நாடாவில் குத்திப் புள்ளிகளால் எழுத்தை உருவாக்கும் டாட் மேட்ரிக்ஸ் வகைப் பிரிண்டர். எட்டங்குல அகலத்தில் இயல்பாக 80 எழுத்துகளையும், சுருக்க எழுத்தில் 132 எழுத்துகளையும் அச்சிட்டது. பெருங்கணினி அறிக்கையின் அகலம் சிறு தாளில் கிடைத்தது என்பதால் கணக்கர்கள் இதைக் கொண்டாடினர். சுருக்க எழுத்தைத் தொடங்க லோட்டஸில் \015 என்ற முன்னொட்டுக் குறியீட்டைத் தர வேண்டும். குறியீட்டைத் தந்தவர்கள் பலர் வலது ஓரத்தை 76இலிருந்து 132க்கு மாற்ற மறந்தனர்; எழுத்து சிறுத்தது, வரியின் எழுத்து எண்ணிக்கை கூடவில்லை, தாளின் வலப்பாதி வெறுமையாக நின்றது. மேலும், பிரிண்டர் ஒருமுறை சுருக்க நிலைக்குப் போனால் \018 என்ற மாற்றுக் குறியீடு வரும்வரை, அல்லது மின்விசை நிறுத்தப்படும்வரை, அந்நிலையிலேயே இருந்தது. ஒருவர் தன் வரவுசெலவு அட்டவணையை அச்சிட்டுவிட்டு எழுந்து போனபின், அடுத்து வந்தவரின் கடிதம் எறும்பு எழுத்தில் வெளிவந்தது. கடிதத்திலும் அதை எழுதிய மென்பொருளிலும் எவ்வளவு தேடினாலும் காரணம் அகப்படாது. ஏதும் புரியாவிட்டால் பிரிண்டரை அணைத்துப் போடு என்று அலுவலகங்களில் வழங்கிய அறிவுரை அந்தக் காலத்தில் உண்மையான தொழில்நுட்ப அடிப்படை கொண்டிருந்தது.

இந்திய அலுவலகங்களில் இதே மென்பொருள் இன்னொரு முரண்பாட்டையும் சந்தித்தது. இங்கே பரவலாக விற்ற தொடர்தாள்கள் 10 அங்குலத்துக்கு 12 அங்குலம், 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் என்ற அளவுகளில் இருந்தன; இன்றும் எழுதுபொருள் கடைகளில் இவ்வளவுகளே கேட்கப்படுகின்றன. 12 அங்குலத் தாளில் 72 வரிகள் விழும். மென்பொருள் நம்பியதோ 66. முதல் பக்கம் சரியாக வரும். இரண்டாம் பக்கத்தின் தலைப்பு, முதல் தாளின் கிழிகோட்டுக்கு ஆறு வரி மேலேயே தொடங்கிவிடும். மூன்றாவது பன்னிரண்டு வரி முன்னதாக, நான்காவது பதினெட்டு வரி முன்னதாக என்று விலகல் வளர்ந்து, பன்னிரண்டு பக்கங்கள் பதினொரு தாள்களில் முடிந்து, பதின்மூன்றாம் பக்கம் மீண்டும் சரியான இடத்தில் உட்காரும். பழுதறிவதில் இது நல்ல தடயம். விலகல் எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவாக இருந்தால் தாள் தொடக்கத்திலேயே தவறாக வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒழுங்காக வளர்ந்தால் பக்க நீளம் தவறு. அமெரிக்கக் கையேட்டில் இதைத் தேடியவர்களுக்கு விடை கிடைத்திருக்காது, ஏனெனில் கையேட்டை எழுதியவர்களின் தாள் 11 அங்குலம்தான்.

அகலத்தின் சிக்கலுக்கு 1980களின் தொடக்கத்தில் வந்த விசித்திரமான தீர்வு சைட்வேஸ் என்ற மென்பொருள். பால் ஃபங்க் என்பவரின் நிறுவனம் விற்ற இது, விரிதாளைத் தொண்ணூறு பாகை திருப்பி, எழுத்துகளைப் படங்களாக மாற்றி, தொடர்தாளின் நீளவாட்டிலேயே பத்திகளை ஓடவிட்டது. இரண்டு ஆண்டுக் கணக்கு கிழிகோடுகளைக் கடந்து ஒரே நீண்ட பட்டையாக வெளிவந்தது. இதற்காக லோட்டஸின் அச்சு வெளியீட்டைப் பிரிண்டருக்கு அனுப்பாமல் பிஆர்என் என்ற பின்னொட்டுடன் கோப்பாக எழுதிக்கொண்டனர். அந்தப் பின்னொட்டு லோட்டஸுக்குப் பின்னும் வாழ்கிறது: எக்செலில் இடைவெளிகளால் வடிவமைத்த உரைக்கோப்பாகச் சேமித்தால் இதே பின்னொட்டுதான் அமைகிறது, அத்தகைய கோப்பில் ஒரு வரி 240 எழுத்துகளைத் தாண்டினால் எஞ்சியவை கோப்பின் அடிப்பகுதிக்குப் போய்விடுகின்றன. லோட்டஸில் வலது ஓரத்துக்கு அனுமதிக்கப்பட்ட மிகப் பெரிய எண்ணும் 240.

எச்பி நிறுவனத்தின் லேசர்ஜெட் 1984இல் வந்தபோது தொடர்தாளுக்குப் பதில் தனித்தாள் வந்தது. கிழிகோட்டுச் சிக்கல் ஒழிந்தது என்று எண்ணப்பட்டது. ஆனால் லேசர் பிரிண்டரால் தாளின் விளிம்புவரை அச்சிட இயலாது. மேலும் கீழும் அரையங்குலம் விட்டு, 11 அங்குலத் தாளில் அது ஏற்றுக்கொண்டவை 60 வரிகள். 66 வரிகளை அனுப்பிய பழைய விரிதாள்கள் ஆறு வரிகளை அடுத்த தாளில் கொட்டின. இந்தியத் தொடர்தாளில் மேல்நோக்கி ஏறிய விலகல் இங்கே அதே ஆறு வரி அளவில் கீழ்நோக்கி இறங்கியது. பக்க நீளத்தை 60 என்று மாற்றுவதே மருந்து; ஆனால் அந்த எண் கோப்புதோறும் சேமிக்கப்பட்டிருந்ததால், அலுவலகத்தின் ஒவ்வொரு பழைய கோப்பையும் தனித்தனியே திறந்து மாற்ற வேண்டியிருந்தது. கட்டளை கோப்பில் குடியேறியதன் முதல் விலை அது.

மைக்ரோசாஃப்ட் எக்செல் 1985இல் மெக்கின்டாஷுக்கும் 1987இல் விண்டோஸுக்கும் வந்தபோது வரி எண்ணும் முறை மறைந்து, படவடிவ முறை வந்தது. இனி திரையில் காண்பதே தாளில் வரும் என்பது வாக்குறுதி. வாக்குறுதி பெரும்பாலும் காக்கப்பட்டது, ஆனால் முழுமையாக அல்ல; இதற்குப் பத்தியின் அகலம் அளக்கப்படும் விதமே காரணம். எக்செலில் நெடுவரிசையின் அகலம் அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ அளக்கப்படுவதில்லை. கோப்பின் இயல்பு எழுத்துருவில் எத்தனை சுழியங்கள் அதற்குள் அடங்கும் என்பதே அலகு. 8.43 என்று எக்செல் காட்டும் இயல்பு அகலம் சாதாரணத் திரையில் 64 புள்ளிகள். திரை அங்குலத்துக்கு 96 புள்ளிகளாலும் பிரிண்டர் 600 புள்ளிகளாலும் அதே எழுத்தை வரைவதால், முழு எண்ணாக்கும்போது நேரும் மிகச் சிறு வேறுபாடுகள் வரியின் முடிவில் சேர்ந்துகொள்கின்றன. திரையில் நன்றாகத் தெரிந்த தொகை தாளில் #### என்று வருவதும், செல்லுக்குள் மடித்து எழுதிய உரையின் கடைசி வரி அச்சில் வெட்டுப்படுவதும் இதனால்தான். எழுத்தின் அளவுகளை எக்செல் பிரிண்டரின் இயக்கு நிரலிடம், அதாவது டிரைவரிடம், கேட்டறிகிறது என்பதால், கணினியின் முதன்மைப் பிரிண்டரை மாற்றினாலே பக்க எல்லையைக் காட்டும் புள்ளிக்கோடு நகர்ந்துவிடும். ஒருவர் ஒரே பக்கத்தில் அடக்கி அனுப்பிய கோப்பு வேறொரு அலுவலகத்தில் ஒற்றைப் பத்தியுடன் இரண்டாம் பக்கத்துக்கு வழிவதை மென்பொருளின் குணக்கேடு என்று சொல்வது நியாயமாகாது. அது கேட்ட சாட்சி மாறிவிட்டது.

இக்காலத்தின் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் மறைந்திருக்கும் நினைவே. அச்சுப் பரப்பை ஒருமுறை வரையறுத்தால் எக்செல் அதை ஒரு பெயரிட்ட பரப்பாகக் கோப்பில் பதித்துக்கொள்கிறது. நடுவில் வரிசைகளைச் செருகினால் அப்பரப்பு விரிகிறது, கடைசி வரிக்குக் கீழே புதிய மாதத்தைச் சேர்த்தால் விரிவதில்லை, எனவே புதிய மாதம் அச்சில் வராது. ஒன்றுக்கொன்று தொடாத இரு பரப்புகளைக் குறித்தால் ஒவ்வொன்றும் தனிப் பக்கத்தில் விழும். 'ஒரு பக்க அகலம், ஒரு பக்க உயரம்' என்று யாரோ ஒருவர் சிறிய கணக்குக்காகக் கொடுத்த கட்டளை, கணக்கு ஆயிரம் வரியாக வளர்ந்த பின்னும் நிலைத்திருந்து, எழுத்தைப் பத்து விழுக்காடு வரை சிறுக்க வைக்கும். உயரத்துக்குரிய பெட்டியைக் காலியாக விட்டு அகலத்தை மட்டும் ஒரு பக்கமாக நிறுத்துவதே இதற்குச் சரியான வழி. இந்தப் பொருத்தும் முறை நடைமுறையில் இருக்கும்போது பயனர் கையால் இட்ட பக்க முறிவுகளை மென்பொருள் பொருட்படுத்துவதில்லை. எக்செல் 97இல் வந்த பக்க முறிவுக் காட்சியில் நீலக் கோட்டை வெளியே இழுத்தால் அதற்கேற்ப அளவு விழுக்காடு தானாகக் குறைகிறது. இழுத்தவர் கோட்டை நகர்த்தியதாக மட்டுமே நினைக்கிறார். தொலைவில் உள்ள ஒரு செல்லில் தவறுதலாகத் தட்டப்பட்ட இடைவெளியோ, வெற்றாகத் தோன்றும் வாய்பாடோ, இழுத்துவிடப்பட்ட எல்லைக்கோடோ இருந்தால் கணக்குக்குப் பின் வெற்றுத்தாள்கள் வரிசையாக வருகின்றன; கன்ட்ரோலும் எண்டும் சேர்த்து அழுத்தினால் சுட்டி எங்கே போய் நிற்கிறதோ அங்கே குற்றவாளி இருக்கக்கூடும். லிப்ரேஆஃபிஸின் கால்க் மென்பொருள் வெற்றுப் பக்கங்களை விலக்க விருப்ப அமைப்புகளில் ஒரு தேர்வே வைத்திருக்கிறது. வழக்கு அவ்வளவு பொதுவானது.

தலைக்குறிப்பில் நேரும் ஒரு சிறு பிழை வணிக நிறுவனங்களுக்கே உரியது. எக்செல் தலைக்குறிப்பில் & என்ற குறியைக் கட்டளைக்கான அடையாளமாகக் கொள்கிறது; பக்க எண், தேதி, எழுத்தின் அளவு எல்லாம் அதைத் தொடர்ந்துதான் எழுதப்படுகின்றன. எனவே '& கோ', '& சன்ஸ்' என்று முடியும் கடைப்பெயரைத் தட்டினால் குறி மறைந்து 'கோ'வும் 'சன்ஸ்'உம் மட்டும் அச்சாகின்றன. குறியை இரட்டித்து && என்று எழுத வேண்டும்.

தமிழில் கணக்கு வைத்தவர்களுக்கு வேறொரு அடுக்கும் இருந்தது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் எழுத்துகள் பிரிண்டருக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருந்ததால் தமிழை அச்சிட ஒவ்வொரு வரியையும் படமாக அனுப்ப வேண்டியிருந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கி சி-டாக் நிறுவனம் வளர்த்த ஜிஸ்ட் அட்டை, டாஸ் மென்பொருள்களில் இந்திய எழுத்துகளைக் காட்டவும் அச்சிடவும் கணினிக்குள் செருகப்பட்ட மின்சுற்றுப் பலகை. விண்டோஸில் யூனிகோடுக்கு முன் பரவியிருந்த பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. கோப்பில் இருந்தது உண்மையில் ரோமன் எழுத்துகளின் கோவையே என்பதால், எழுத்துரு நிறுவப்படாத கணினியிலிருந்து அச்சிட்டால் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் பொருளற்ற ரோமன் எழுத்துகளாக வெளிவந்தன. எண்கள் மட்டும் சரியாக இருந்ததால் மென்பொருள் பாதி பழுதானது போன்ற தோற்றம் ஏற்பட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய குறியீடுகளைத் தரப்படுத்தியது. பின்னர் யூனிகோடு பரவியபோது இக்குழப்பம் பெரிதும் தணிந்தது. ஆயினும் சுழியத்தின் அகலத்தால் அளக்கப்படும் பத்தியில் 'கௌ', 'ஞை' போன்ற அகன்ற எழுத்துகள் இன்றும் எதிர்பார்த்ததைவிட விரைவில் இடத்தைத் தின்றுவிடுகின்றன.

மறைந்திருப்பது வெளிப்பட்டதால் பெரும் சிக்கல் நேர்ந்த நிகழ்வு 2008இல் நியூயார்க்கில் பதிவானது. திவாலான லேமன் பிரதர்ஸின் தொழிற்பகுதியைப் பார்க்லேஸ் வங்கி வாங்கியபோது, தான் ஏற்கும் ஒப்பந்தங்களின் பட்டியலை எக்செல் கோப்பாகத் தந்தது. ஏறத்தாழ ஆயிரம் வரிசைகள் கொண்ட அதில், ஏற்க விரும்பாதவை மறைத்து வைக்கப்பட்டிருந்தன. திவால் நீதிமன்றத்துக்குரிய பிடிஎஃப் ஆவணமாக மாற்றுவதற்காக வழக்கறிஞர் அலுவலகத்தில் நள்ளிரவுக் கெடுவுக்குள் கோப்பு மறுவடிவமைக்கப்பட்டபோது மறைந்த வரிசைகள் வெளியே வந்தன. வங்கி விலக்க எண்ணிய 179 ஒப்பந்தங்கள் ஏற்கப்படுபவையாகப் பதிவாயின. அதைத் திருத்த அக்டோபரில் நீதிமன்றத்திடம் தனி மனு கொடுக்க நேர்ந்தது. மறைத்தல் என்பது விரிதாளில் தோற்றத்துக்கான ஏற்பாடு மட்டுமே. அச்சுக்குப் போகும் வழியில் அதைச் சட்டப்பூர்வமான விலக்காகக் கருதியதுதான் இங்கே இடறல்.

எக்செல் 5 (1993) ஒரே கோப்பில் பல தாள்களை அனுமதித்ததிலிருந்து அச்சு அமைப்புகள் தாள்வாரியாகச் சேமிக்கப்படலாயின. முதல் தாளில் இருபுற அச்சைத் தேர்ந்தவர் மற்ற தாள்களும் அப்படியே வரும் என்று நம்புகிறார். அவை ஒருபுறமாகவே வருகின்றன. தாள்களின் அச்சுத் தெளிவு எண் வேறுபட்டால், முழுக் கோப்பையும் ஒரே பிடிஎஃப் ஆக்க முயலும்போது அது பல துண்டுகளாகப் பிரிகிறது. எல்லாத் தாள்களையும் சேர்த்துத் தேர்ந்த பின் அமைப்பை மாற்றுவதே தீர்வு. ஆனால் தேர்வை நீக்க மறந்தால் அதன்பின் ஒரு தாளில் எழுதுவது அனைத்துத் தாள்களிலும் எழுதப்பட்டுவிடும். ஒரு பழுதை நீக்கும் வழி அதைவிடப் பெரிய பழுதுக்கு வாசலாவது இத்துறையில் அரிதல்ல.

2007இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு வடிவம் இந்த மறைவிடங்களை முதன்முறையாகத் திறந்து காட்டியது. அது உண்மையில் சிப் முறையில் சுருக்கிக் கட்டப்பட்ட பல சிறு கோப்புகளின் தொகுப்பு. பின்னொட்டை மாற்றி யாரும் பிரித்துப் பார்க்கலாம். உள்ளே பிரிண்டர் அமைப்புகளுக்கென்றே ஓர் உறை உண்டு. கோப்பைக் கடைசியாகச் சேமித்தவரின் பிரிண்டர் எது, அதில் எந்தத் தட்டிலிருந்து தாள் எடுக்கப்பட்டது, இருபுற அச்சு இருந்ததா என்பன அதில் இருமக் குறிகளாகப் பதிந்திருக்கின்றன. வேறோர் ஊரிலிருந்து வந்த கோப்பு இல்லாத தட்டைத் தேடிக் காத்து நிற்பதற்கு அந்த உறை காரணமாகலாம். அப்போது கணக்கைப் புதிய கோப்புக்கு நகலெடுத்து, அமைப்புகளை மீண்டும் தருவது எளிய வழி. தாளின் அளவோ வெறும் எண்ணாகப் பதிவாகிறது: 1 என்பது அமெரிக்க லெட்டர், 5 லீகல், 9 ஏ4. லெட்டர் 216 மில்லிமீட்டர் அகலமும் 279 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது, ஏ4 210க்கு 297. எண் எழுதப்படாவிட்டால் அது 1 என்றே கொள்ளப்பட வேண்டும் என்பது கோப்பு வடிவத்தின் விதி. வங்கி, வரி, சரக்கிருப்பு மென்பொருள்கள் தாமாக உருவாக்கித் தரும் எக்செல் கோப்புகள் பலவற்றில் இந்த எண் எழுதப்படுவதே இல்லை. எனவே லெட்டர் தாளைக் கண்ணால் கண்டிராத அலுவலகங்களில் பிரிண்டர் லெட்டர் தாளைக் கேட்டு விளக்கைச் சிமிட்டுகிறது. பக்க அமைப்பில் ஏ4 என்று ஒருமுறை தேர்ந்து சேமித்தால் கோப்பில் 9 எழுதப்பட்டு, அந்தக் கோப்பு அடங்கிவிடும். அடுத்த மாதம் மென்பொருள் புதிதாக உருவாக்கும் கோப்பில் அந்த இடம் மறுபடியும் காலியாகவே இருக்கும்.